பொறிக்கு மொழி கற்பித்தவர் யார்?

பச்சைமலையின் அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்தில் அமைந்துள்ள ஊர் அரும்பாவூர். தேர்களும், கோவில் வாகனங்களும், தெய்வ உருவங்களும் மரத்திலே செதுக்கும் கைவினைஞர் பலர் வாழும் ஊர் அது. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் அவர்தம் உளி படைக்கும் உருவங்களுக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அண்மையில் அவ்வூருக்குச் சென்றிருந்தபோது சிற்பி ஒருவரின் இல்லத்தில் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். அங்கு நாம் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

வெளிநாட்டில் வாழும் அன்பர் ஒருவர் தேவமாதாவின் சுரூபம் ஒன்று செய்து தருமாறு அச்சிற்பியிடம் கேட்டிருந்தார். எவ்வாறு அமைய வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் கைப்பேசி வழியாக எழுதி அனுப்பியிருந்தார். சிற்பிக்கு ஆங்கிலம் தெரியாது. கல்லூரியில் பயிலும் அவருடைய மகள் அதனைக் கைப்பேசியிலுள்ள மொழிபெயர்ப்புப் பொறியிடம் கொடுத்தாள். நொடிப்பொழுதில் தமிழ் வந்தது. எல்லாம் தெளிவாகவே இருந்தது, ஒரே ஒரு வரியைத் தவிர. "தானியம் உயரவாக்கில் ஓட வேண்டும்" என்றது அவ்வரி.

"சுரூபத்திலே தானியம் எதுக்குன்னு மொதல்ல புரியலைங்க ஐயா. சரி, மாதா பாதத்திலேயிருந்து தோள் வரைக்கும் நெற்கதிர் வேணும்னு கேக்கறாங்கபோலன்னு நினைச்சேன். நாளைக்கு உளி வைக்கிறதா இருந்தேன்" என்றார் சிற்பி.

ஆங்கில மூலத்தை வாங்கிப் பார்த்தோம். 'கிரெய்ன்' என்ற சொல் அங்கே இருந்தது. அச்சொல்லுக்குத் தானியம் என்று பொருள் உண்டு. மரத்தின் நார் ஓடும் போக்கு என்றும் பொருள் உண்டு. கேட்டவர் விரும்பியது இரண்டாவதையே. விளக்கியதும் சிற்பி வாய்விட்டுச் சிரித்தார். "மரத்தோட நார் மேலேயும் கீழேயுமா ஓடணும்னு சொல்லியிருந்தா சின்னப் பிள்ளைக்கும் விளங்குமே! இவ்வளவு தெரிஞ்ச மெஷினுக்கு அது தெரியலையா?" என்றார்.

அவருடைய கேள்வி சிரிப்புக்குரியதன்று. ஒரு நல்ல மரத்துண்டும், பல நாள் உழைப்பும் ஒரு சொல்லால் வீணாகியிருக்கும். அதே பொறியிடம் இன்று நம் பிள்ளைகள் கட்டுரை எழுதித் தரக் கேட்கின்றனர். நோயாளிகள் மருத்துவரின் குறிப்புக்குப் பொருள் கேட்கின்றனர். ஆகவே, அப்பொறி மொழியை எவ்வாறு கற்றது, எங்கே தவறுகிறது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

*படிமுறை என்பது யாது?*

கணிப்பொறிக்குத் தானாக எதுவும் தெரியாது. முதலில் இதைச் செய், பின்னர் அதைச் செய், இவ்வாறு நேர்ந்தால் இவ்வழி செல் என்று ஒவ்வொரு படியையும் அதற்கு வகுத்துக் கொடுக்க வேண்டும். இவ்வாறு வகுத்த முறையைப் படிமுறை என்கிறோம். ஆங்கிலத்தில் அல்காரிதம் என்பர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி என்னும் கணித மேதையின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது.

சிற்பியருக்கு இது புதிதன்று. முகத்தின் நீளத்தைத் தாலம் என்னும் அளவாகக் கொண்டு, இவ்வுருவம் ஒன்பது தாலம், அவ்வுருவம் பத்துத் தாலம் என்று பகுத்து, முடி முதல் அடி வரை அளவிட்டுக் கோடிட்ட பின்னரே உளியை எடுப்பது நம் சிற்ப மரபு. அதுவும் ஒரு படிமுறையே. ஆனால் மொழி மரத்தைப்போல் ஓரிடத்தில் கிடப்பதன்று. வாய்க்கு வாய் மாறுவது. அதனை எவ்வாறு அளந்து பகுப்பது?

*ஏலாக்குறிச்சியில் ஓர் அகராதி*

இக்கேள்விக்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. முன்னர் பெரம்பலூர் மாவட்டத்தோடு இணைந்திருந்து, 2007-இல் தனி மாவட்டமான அரியலூரில், கொள்ளிடக் கரைக்கு அருகே ஏலாக்குறிச்சி இருக்கிறது. திருக்காவலூர் என்று பெயர் சூட்டி அங்கே அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பியவர் வீரமாமுனிவர் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டு பிறந்து, 1710-ஆம் ஆண்டளவில் இந்தியா வந்த இயேசு சபைத் துறவி அவர்.

அவர் இயற்றிய சதுரகராதி 1732-இல் நிறைவெய்தியது. அதற்கு முன்னர்த் தமிழ்ச் சொற்களுக்குப் பொருள் அறிய நிகண்டுகளே பெரிதும் பயன்பட்டன. அவை செய்யுள் வடிவில் இருந்தன. மனப்பாடம் செய்தவருக்கே எளிதில் பயன்பட்டன. வீரமாமுனிவரோ சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். யாரும், எந்நேரத்திலும், ஒரு சொல்லைத் தேடிக் கண்டுகொள்ள வழி பிறந்தது. வரிசைப்படுத்துவதும் தேடுவதும் இன்றும் கணிப்பொறி செய்யும் அடிப்படை வேலைகள் அன்றோ!

அந்நூலின் நான்கு பகுதிகளையும் நோக்குக. பெயரகராதி ஒரு சொல்லின் பல பொருள்களைத் தந்தது. பொருளகராதி ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களைத் தந்தது. தொகையகராதி, முத்தமிழ், ஐந்நிலம் என்றாற்போலத் தொகையாக வழங்குவனவற்றை விரித்துரைத்தது. தொடையகராதியோ எதுகை முதலிய தொடைக்கு ஏற்ற சொற்களைத் தொகுத்துப் புலவருக்குக் கைகொடுத்தது. முதல் மூன்றும் பிறர் மொழியைப் புரிந்துகொள்ள உதவுவன. நான்காவது புதிதாகச் செய்யுள் இயற்ற உதவுவது. மொழியை ஆராய்தல், மொழியை ஆக்குதல் என்று இன்றைய அறிவியலார் பிரிக்கும் இரண்டுமே அந்த ஒரு நூலில் அடங்கியிருந்தன எனலாம்.

மற்றொன்றும் உண்டு. பழைய ஏட்டுச்சுவடிகளில் எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டப் புள்ளி இடுவது மரபு. ஓலை கிழியும் என்று அஞ்சிப் பலர் அப்புள்ளியை விட்டுவிடுவர். எரி என்பதா, ஏரி என்பதா என்று படிப்பவரே இடம் நோக்கி உணர்ந்துகொள்ள வேண்டும். அவ்வெழுத்துகளுக்கு வேறுபட்ட வடிவம் தந்து, அந்த மயக்கத்தைப் போக்கிய பெருமை வீரமாமுனிவருக்கு உரியது. மயக்கம் போக்குதல் என்னும் இதே வேலையில்தான் அரும்பாவூரில் நாம் கண்ட பொறி தவறியது.

*இருநூறு ஆண்டுக்குப் பின் இன்னொரு துறவி*

வியப்புக்குரிய செய்தி யாதெனில், கணிப்பொறியைக் கொண்டு மொழியை ஆராயும் முயற்சிக்கு முன்னோடியாகப் போற்றப்படுபவரும் ஓர் இத்தாலிய இயேசு சபைத் துறவியே. ரொபெர்த்தோ பூசா என்பது அவர் பெயர். 1913-இல் பிறந்த அவர், புனித தாமஸ் அக்குவினாஸ் இறைவனின் உடனிருப்பைப் பற்றி எழுதியவற்றை ஆராயப் புகுந்தார். பெரிய சொற்களைத் தேடிப் பார்த்தபோது அவர் வேண்டியது கிடைக்கவில்லை. இலத்தீனில் 'இன்' என்றொரு சிறு சொல் உண்டு. நம் 'இல்' உருபைப் போன்றது. அச்சிறு சொல்லோடுதான் அக்கருத்து பின்னிக் கிடக்கிறது என்று கண்டார். அது வரும் இடங்களை எல்லாம் ஏறத்தாழப் பத்தாயிரம் அட்டைகளில் கையாலேயே எழுதினார்.

ஒரு சொல்லுக்கே இப்பாடு என்றால், புனிதரின் எல்லா நூல்களுக்கும் என் செய்வது? 1949-ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்து உதவி வேண்டினார். அட்டைகளில் துளையிட்டுக் கணக்கிடும் பொறிகள் அவருக்குக் கிடைத்தன. கல்லராத்தே நகரில் இளம்பெண்கள் பலர் அமர்ந்து, சொல் சொல்லாக அட்டைகளில் துளையிட்டனர். ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்கள் இவ்வாறு பொறிக்குள் புகுந்தன. முப்பது ஆண்டு உழைப்பின் பயனாக, 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகள் அச்சாகி வெளிவந்தன. அருட்தந்தை பூசா 2011-இல் தம் 97-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

தமிழ் இலக்கணம் இடைச்சொல் என்று ஒதுக்கிக் காட்டும் சிறு சொல்லே பெருங்கருத்தைத் தாங்கி நிற்கலாம் என்பதும், பொறிக்குள் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு மனிதக் கையால் இடப்பட்டது என்பதும் அவர் வாழ்வு உணர்த்தும் பாடங்கள்.

*விதி சொன்னவரும் எண்ணிப் பார்த்தவரும்*

பொறிக்கு மொழி கற்பிக்க அறிஞர் இருவழிகளை நாடினர். முதல் வழி இலக்கண விதிகளைக் கற்பிப்பது. 1954-ஆம் ஆண்டு சனவரியில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தாரும் ஐ.பி.எம். நிறுவனத்தாரும் 250 சொற்களையும் 6 விதிகளையும் மட்டும் கொண்டு, அறுபதுக்கு மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களைப் பொறியால் ஆங்கிலமாக்கிக் காட்டினர். சில ஆண்டுகளில் முழு வெற்றி கிட்டும் என்று பலரும் நம்பினர். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1966-இல் ஆய்வுக்குழு ஒன்று, எதிர்பார்த்த பயன் விளையவில்லை என்று அறிக்கை தந்தது. அமெரிக்க அரசின் பொருளுதவியும் பெரிதும் சுருங்கிற்று.

இவ்விதி வழி தமிழருக்குப் பழகியதே. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தோம் அல்லவா? 'செதுக்கினான்' என்ற சொல்லைச் செதுக்கு, இன், ஆன் என்று பிரித்து, பகுதி, இறந்தகால இடைநிலை, ஆண்பால் விகுதி என்று எழுதினோம். இதையே பொறி செய்யும்படி படிமுறை வகுக்கும் பணியில் சென்னை, கோவை, ஐதராபாத் முதலிய நகரங்களின் ஆய்வு நிலையத்தார் உழைத்துள்ளனர். ஒரே வினையடி காலம், இடம், பால், எண் என்று விரிந்து ஆயிரக்கணக்கான வடிவங்கள் கொள்ளும் தமிழுக்கு இவ்வழி மிகவும் வேண்டியதாயிருந்தது. ஆனால் விதிக்கு அடங்காத பேச்சு எவ்வளவு! 'வந்துட்டுருக்காங்க' என்று ஒரு தாய் சொல்வதை எந்த நூற்பாவால் அளப்பது?

இரண்டாம் வழி எண்ணிப் பார்ப்பது. 1913-இல் ரஷ்யக் கணித அறிஞர் மார்க்கோவ், கவிஞர் புஷ்கினின் காவியமொன்றை எடுத்து, அதன் 20,000 எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினார். உயிரெழுத்துக்குப் பின் மெய் எத்தனை முறை வருகிறது, மெய்க்குப் பின் உயிர் எத்தனை முறை வருகிறது என்று கணக்கிட்டார். எந்த மெய்யோடு எந்த மெய் மயங்கும் என்று தொல்காப்பியர் மெய்ம்மயக்கத்தில் விதியாகச் சொன்னார். மார்க்கோவ் அதுபோன்ற ஒன்றை எண்ணிக்கையால் கண்டார். அவ்வெண்ணும் வழியே இன்று பெருமரமாக வளர்ந்திருக்கிறது.

*பொறி எவ்வாறு எழுதுகிறது?*

இன்றைய பொறி செய்வது இதுதான். கோடிக்கணக்கான பக்கங்கள் அதற்குப் பாடமாகத் தரப்படுகின்றன. அவை சிறுசிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் எண்களின் வரிசையாக மாற்றப்படுகிறது. பின்னர் வாக்கியத்தின் ஒரு பகுதியைக் காட்டி, அடுத்த துண்டு எதுவாக இருக்கும் என்று ஊகிக்கச் செய்கின்றனர். ஊகம் பிழையானால் உள்ளே இருக்கும் எண்கள் சிறிதளவு திருத்தப்படும். மீண்டும் ஊகம், மீண்டும் திருத்தம். 2017-இல் கூகுள் நிறுவன ஆய்வாளர் எண்மர் வெளியிட்ட புதிய அமைப்பு, ஒரு சொல் தன்னைச் சூழ்ந்த சொற்களுள் எவற்றின்மேல் கருத்தூன்ற வேண்டும் என்பதைக் கணக்கிட வழி செய்தது. 2020-இல் வெளிவந்த பொறியொன்றில் இவ்வாறு திருத்தப்பட்ட எண்கள் 17,500 கோடி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது. அன்றுமுதல் பொறியோடு உரையாடுவது வீட்டுக்கு வீடு வழக்கமாயிற்று.

ஆக, பொறி ஒரு கடிதம் எழுதும்போது, அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்துக்கொண்டே செல்கிறது. வரத்தக்க சொல் எல்லாம் மெய்யான சொல் ஆகிவிடாது. இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயர் கூறுவதும், நடவாத நிகழ்ச்சிக்கு ஆண்டு கூறுவதும் இதனாலேயே நேர்கின்றன. தயக்கமில்லாத நல்ல நடையில் அது சொல்வதால் பொய்யும் மெய்போல் தோன்றுகிறது.

அரும்பாவூரில் நேர்ந்ததும் இதுவே. வந்த செய்தியின் அந்த வரியில் மரம் என்ற சொல்லே இல்லை. பொறி படித்த பக்கங்களில் அச்சொல் தானியமாகவே மிகுதியும் வந்திருக்கும். மிகுதியானதையே அது தேர்ந்தது. எதிரே மரத்துண்டு கிடப்பதைக் காணும் கண் அதற்கில்லை.

*தமிழின் பங்கு எவ்வளவு?*

இங்கேதான் நாம் கவலை கொள்ள வேண்டியது இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் 6 கோடியே 90 இலட்சம் பேர். ஆனால் மேலே கூறிய 2020-ஆம் ஆண்டுப் பொறி கற்ற சொற்களுள் ஏறத்தாழ 93 விழுக்காடு ஆங்கிலமே. எஞ்சிய ஏழு விழுக்காட்டில் உலகின் பிற மொழிகள் யாவும் இடம் பங்கிட்டுக்கொண்டன. குறைவாகக் கற்ற மொழியைப் பொறி மிகச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. ஆங்கிலத்தில் ஒரு துண்டாக நிற்கும் சொல், தமிழில் நாலைந்து துண்டுகளாகச் சிதறலாம். நேரமும் செலவும் அதனால் கூடுகின்றன.

நம்மவரும் வாளாவிருக்கவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர் பலர் பழந்தமிழ் நூல்களை ஊதியமின்றித் தட்டச்சிட்டு உலகுக்கு அளித்தனர். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கிற்று. 2011-இல் கூகுளின் மொழிபெயர்ப்பில் தமிழ் இடம்பெற்றது. 2022-இல் நடுவண் அரசு பாஷிணி என்னும் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழுவினர் 2023-இல், அட்டவணையிலுள்ள 22 இந்திய மொழிகளுக்கும் மொழிபெயர்ப்புப் பொறி ஆக்கி, எவரும் பயன்படுத்துமாறு வழங்கினர். பொதுமக்களின் பேச்சையும் அக்குழுவினர் பதிவு செய்து தொகுத்துள்ளனர்.

பேச்சைத் தொகுப்பது இன்றியமையாதது. வீரமாமுனிவர் செந்தமிழுக்கு மட்டும் இலக்கணம் எழுதி அமையவில்லை. மக்கள் வாய்மொழியாகிய கொடுந்தமிழுக்கும் இலத்தீனில் இலக்கணம் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. ஏட்டுத்தமிழ் மட்டும் அறிந்தவன் ஏழையின் இல்லத்தில் ஊமையாவான் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். இன்றைய பொறியும் அந்நிலையிலேயே இருக்கிறது. செய்தித்தாள் தமிழை நன்கு எழுதுகிறது. களத்துமேட்டிலும் பட்டறையிலும் பேசும் தமிழில் தடுமாறுகிறது.

*நம் இல்லங்கள் செய்யத்தக்கவை*

முதலாவது, பொறி சொன்னதை அறிந்தவரிடம் காட்டிச் சரிபார்த்த பின்னரே கைக்கொள்ள வேண்டும். மருந்து, பணம், பத்திரம் ஆகியவற்றில் இது கட்டாயம்.

இரண்டாவது, நெஞ்சிலிருந்து வரவேண்டிய சொற்களைப் பொறியிடம் ஒப்படைத்தலாகாது. துக்க வீட்டுக்கு எழுதும் ஆறுதல் மடலில் இலக்கணப் பிழை இருந்தால் ஒருவரும் குறை காணார். அன்பு இல்லையேல் அம்மடலால் பயனில்லை. பிள்ளையின் கட்டுரையைப் பொறி எழுதினால், எழுதக் கற்பது பொறியே, பிள்ளையன்று.

பொறியை நண்பனாகக் கருதி மனம் திறக்கும் இளையோரும் முதியோரும் இன்று உள்ளனர். 1966-இல் ஜோசப் வைசன்பாம் என்ற அமெரிக்க அறிஞர், கேட்டவர் சொல்லையே கேள்வியாகத் திருப்பித் தரும் எலைசா என்னும் எளிய நிரல் ஒன்றை ஆக்கினார். அது வெறும் நிரல் என்பதை அறிந்திருந்த அவருடைய செயலரே, அதனோடு தனித்து உரையாட விரும்பி, அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். அவரே தம் நூலில் இதனை எழுதி வருந்தியுள்ளார். நம் வீட்டில் ஒருவர் பொறியோடு மட்டும் பேசத் தொடங்கினால், நாம் அவரோடு பேச மறந்தோமோ என்று எண்ணிப் பார்ப்பது நலம். திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ஆம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியில், செயற்கை நுண்ணறிவோடு இதயத்தின் ஞானத்தைச் சேர்த்துப் பேசியதும் இக்கருத்தினாலேயே.

மூன்றாவது, நம் சொற்களை எழுதிவைக்க வேண்டும். எழுதப்படாத சொல் பொறிக்குத் தெரியாது. நாளை நம் பேரப்பிள்ளைக்கும் தெரியாது. பாட்டி சமையலறையில் வழங்கும் சொல், தந்தை வயலில் வழங்கும் சொல், உளி, வாய்ச்சி, கொட்டாப்புளி என்று தச்சர் வழங்கும் சொல் ஆகியவற்றைப் பொருளோடு ஓர் ஏட்டில் குறித்து வைப்பது எந்தக் குடும்பத்துக்கும் இயலும். இயன்றோர் அவற்றைத் தமிழ் விக்கிப்பீடியாவிலும், குரலாகக் காமன் வாய்ஸ் போன்ற பொதுத் தொகுப்புகளிலும் சேர்க்கலாம். வீரமாமுனிவர் பிறந்த நவம்பர் 8-ஆம் நாளைத் தமிழக அரசு அகராதியியல் நாளாகக் கொண்டாடுகிறது. அந்நாளில் நம் பங்கு இளைஞர் இப்பணியைத் தொடங்கினால் எத்துணைச் சிறப்பாயிருக்கும்!

நாம் அரும்பாவூரிலிருந்து விடைபெறும் வேளையில் அச்சிற்பியின் மகள் ஒரு பள்ளி நோட்டை எடுத்து வந்தாள். "அப்பா, மரத்தோட நாரைப்பத்தி நீங்க என்னென்ன சொல்லுவீங்க? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றாள். சிற்பி கையிலிருந்த மரத்துண்டைத் திருப்பித் திருப்பிக் காட்டிச் சொல்லத் தொடங்கினார். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.